மார்கழிச் சென்னை: கடலுக்கும் கச்சேரிக்கும் முதன்முறை வருபவர்களுக்கு

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பலர் கைப்பேசியில் பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு, காலையில் எழும்பூர், மதியம் மாமல்லபுரம், மாலையில் மெரினா என்று ஓடுவார்கள். பாதி நாள் அண்ணா சாலை சிக்னலில் போய்விடும். இந்த ஊர் கடலை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. பார்க்க வேண்டிய கடற்கரைகளும் கலை இடங்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் இருக்கின்றன: மெரினா, மயிலாப்பூர், பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம், முட்டுக்காடு, கடைசியில் மாமல்லபுரம். இந்தக் கோட்டை விட்டு விலகாமல், ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டாலே அலைச்சல் பாதியாகக் குறையும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதலில் தேதி

மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கிறது. அதற்கு முன்னால் வராதீர்கள். வடகிழக்குப் பருவமழை அடங்கியிருக்காது. 2015-இல் ஊரே மூழ்கியதும், 2023-இல் மிக்ஜாம் புயல் வந்ததும் டிசம்பர் முதல் வாரத்தில்தான். இருபதாம் தேதிக்குப் பிறகு வானம் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெயில் இருக்கும், ஆனால் சென்னைக்கு அது குளிர்காலம். காலையில் மப்ளர் கட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அப்புறம், எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேதியை நகர்த்துங்கள். பாட்டு முக்கியம் என்றால் டிசம்பர் கடைசிப் பத்து நாட்கள். நாட்டியம் என்றால் புத்தாண்டை ஒட்டி வாருங்கள். திருவான்மியூரிலுள்ள நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ராவின் விழா ஆண்டு முடிவில் நடக்கும், மியூசிக் அகாடமியின் நாட்டிய விழா ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கும், மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவும் அப்போது ஓடிக்கொண்டிருக்கும். பறை, கரகம், தெருக்கூத்து பார்க்க வேண்டும் என்றால் பொங்கல். மூன்றையும் ஒரே பயணத்தில் பிடிக்க நினைத்தால் ஒரு மாதம் வீடு எடுத்துத் தங்க வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

தங்கும் இடம்

சென்ட்ரல், எழும்பூர் ரயிலடிப் பக்கம் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனாலும் வேண்டாம். மாலைக் கச்சேரி முடிய இரவு ஒன்பதைத் தாண்டும், அதற்கு மேல் ஊரைக் கடந்து போவது தொல்லை. மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை இவற்றில் ஒன்று நல்லது. கச்சேரி நடத்தும் சபாக்களும் பக்கம், மெரினாவும் பக்கம். கடல் காற்றுதான் முதலில், கச்சேரி அடுத்தது என்பவர்கள் பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ தங்கலாம். டிசம்பரில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் தீபாவளி முடிந்த கையோடு பதிவு செய்துவிடுங்கள்.

ஊருக்குள் நகர்வது

கடற்கரையை ஒட்டி ஓடும் ஒரு ரயில் இருக்கிறது. பறக்கும் ரயில் என்பார்கள். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிப் பக்கம், பெரும்பாலும் தூண்களின் மேல் ஓடுகிறது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோவில், திருமயிலை, மந்தைவெளி, இந்திரா நகர், திருவான்மியூர் என்று நமக்கு வேண்டிய நிறுத்தங்கள் அத்தனையும் இதில் உண்டு. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். சென்ட்ரலில் வந்து இறங்கினால் சாலையைக் கடந்து பார்க் டவுன் நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம்.

ஒரு குறை: இந்த நிலையங்கள் பிரம்மாண்டமாகக் கட்டப்பட்டு, பாதி காலியாகக் கிடக்கும். இரவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் குறைவு. பகலில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கச்சேரி முடிந்து தனியாகத் திரும்புகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், செயலியில் ஆட்டோ பிடித்துக்கொள்வது நிம்மதி. தெருவில் கை காட்டி ஆட்டோவை நிறுத்துவதானால் பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். மீட்டரைப் பற்றிக் கேட்காதீர்கள், அது ஓர் அலங்காரப் பொருள்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஏறி டி.எம்.எஸ். நிறுத்தத்தில் இறங்கினால் ஆழ்வார்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். பேருந்தில் 29சி-யை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் போகும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. லஸ், மயிலாப்பூர்ப் பக்கம் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை முடிகிற வரைக்கும், வரைபடம் காட்டும் நேரத்தோடு கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடல்: காலையில் மெரினா, மாலையில் பெசன்ட் நகர்

கிழக்குக் கரை என்பதால் இங்கே சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குள் மறையும். கடலில் அஸ்தமனம் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். டிசம்பர் கடைசியில் ஆறரைக்கு முன்பே உதயம். ஆறு மணிக்குக் கலங்கரை விளக்கம் அருகே போய்விடுங்கள். அங்கிருந்து தெற்கே லூப் சாலைப் பக்கம் நடந்தால் நொச்சிக்குப்பம். படகுகள் கரை ஏறும், மீன் கைமாறும், பேரம் காது கிழியும். நல்ல காட்சிதான், ஆனால் அது அவர்கள் வேலை செய்யும் இடம். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வடக்கே நடந்தால் கடற்கரைச் சாலையே ஒரு கண்காட்சிதான். ஒரு பக்கம் மணல், மறுபக்கம் பிரிட்டிஷ் காலக் கட்டடங்கள். இந்த நடைபாதைக்கு வழி செய்தவர் 1880-களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப். விவேகானந்தர் இல்லம் என்று இன்று நாம் சொல்லும் வட்டக் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ். விவேகானந்தர் 1897-இல் இங்கே தங்கினார். இன்னும் வடக்கே போனால் உழைப்பாளர் சிலை. நான்கு பேர் பாறையை நெம்பும் அந்தச் சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். பேருந்திலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இறங்கிக் கிட்டே போய், அந்த முதுகுகளின் இறுக்கத்தைப் பாருங்கள். காந்தி சிலையும் அவர் செய்ததே.

எல்லாம் சரி, குளிக்கலாமா? கூடாது. மெரினாவிலும் சரி, பெசன்ட் நகரிலும் சரி, கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரை சட்டென்று ஆழமாகும், திரும்பிப் போகும் நீர் ஆளையே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவுச் சின்னம். 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டவர். பலர் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு, அடுத்த நிமிடம் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். முதியவர்களை அழைத்து வந்தால் அந்தப் பக்கம் போங்கள். மெரினா மணல் அகலம், தண்ணீரைத் தொடுவதற்குள் முட்டி வலித்துவிடும்.

மாலைக்குப் பெசன்ட் நகர் கடற்கரை. இதற்கு எலியட்ஸ் பீச் என்ற பெயரும் உண்டு. கூட்டம் மெரினா அளவுக்கு இருக்காது, சிற்றுண்டிக் கடைகள் வரிசையாக உண்டு. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை எந்தக் கரையிலும் சாப்பிடலாம். மிளகாய் பஜ்ஜியைக் கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

கச்சேரி: பயப்படாமல் உள்ளே நுழைவது எப்படி

புதிதாக வருகிறவர்கள் தயங்குவது இங்கேதான். ராகம் தெரியாது, தாளம் போடத் தெரியாது, உள்ளே போனால் எல்லாரும் நம்மைப் பார்ப்பார்களோ என்று. யாரும் பார்க்க மாட்டார்கள். பாதிப் பேர் ராகத்தைக் கண்டுபிடிக்கிற மும்முரத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் கேண்டீனில் இன்று என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

டிசம்பரில் ஏன் இத்தனை கச்சேரி? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் அடுத்த ஆண்டு உருவான மியூசிக் அகாடமி. அந்த டிசம்பர் வழக்கத்தை மற்ற சபாக்களும் பிடித்துக்கொண்டன. இன்று ஒரே நாளில் ஊரெங்கும் டஜன் கணக்கில் கச்சேரிகள்.

முதல் கச்சேரியாகப் பெரிய பெயரைத் தேடிப் போகாதீர்கள். மதியக் கச்சேரிக்குப் போங்கள். பெரும்பாலான சபாக்களில் நடுப்பகலிலும் பிற்பகல் இரண்டு மணி வாக்கிலும் இளைய கலைஞர்கள் பாடுவார்கள். அனுமதி அநேகமாக இலவசம், இடம் தாராளம், பிடிக்காவிட்டால் ஒரு பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிடலாம். நாளைய பெரிய பெயர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். அதனால் முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் உட்காருங்கள். இடைவேளையில் "இது என்ன ராகம் மாமா?" என்று கேட்டால் போதும், அவருக்கும் பொழுது போகும், உங்களுக்கும் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அடுத்த நாள் நான்கு மணிக் கச்சேரி. அதற்கு அப்புறம்தான் மாலை ஆறு, ஆறரைக்குத் தொடங்கும் பிரதானக் கச்சேரி. இதற்குச் சீட்டு வேண்டும். பெரிய பாடகர்களுக்கு இணையத்தில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். சில சபாக்கள் அன்றன்று காலையில் கவுன்ட்டரில் கொஞ்சம் சீட்டு விற்கும். வரிசையில் நிற்கத் தயாராக இருந்தால் கிடைக்கலாம். பால்கனிச் சீட்டைக் கேவலமாக நினைக்காதீர்கள், ஒலி அங்கே நன்றாகவே இருக்கும்.

சபாக்களை இடம் வாரியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். மயிலாப்பூருக்குள் ஆர்.ஆர். சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். தியாகராய நகரில் வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும். ஒரே நாளில் ஒரு வட்டாரம் மட்டும். மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கு மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால், முதல் உருப்படியான வர்ணம் முடிந்து இரண்டாம் பாட்டுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

கச்சேரியின் போக்கு தெரிந்திருந்தால் சலிப்பு வராது. முதலில் விறுவிறுப்பாக ஒரு வர்ணம். அடுத்து சில சின்னக் கீர்த்தனைகள். நடுவில் ஒரு ராகத்தை எடுத்துச் சொல்லில்லாமல் மெல்ல விரிப்பார்கள், அது ஆலாபனை. வயலின் அதைத் தன் பங்குக்குத் திரும்பச் சொல்லும். பிறகு பிரதானக் கீர்த்தனை, அதில் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகப் பாடுவது நிரவல், பின் கற்பனை ஸ்வரம். அது முடிந்ததும் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ தனியாக வாசிக்கும். தனி ஆவர்த்தனம். இந்த நேரம் பார்த்துச் சபையில் பாதி எழுந்து கேண்டீனுக்குப் போகும். மிருதங்கக்காரர்களுக்கு இது தீராத வருத்தம். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். ஒன்றும் புரியாதவர்களுக்கும் நேரடியாகப் புரிகிற பகுதி அதுதான். சில கச்சேரிகளில் ராகம் தானம் பல்லவி என்று நீண்ட உருப்படி வரும். கடைசியில் துக்கடாக்கள் என்னும் சின்னப் பாடல்கள், மங்களம்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். பாட்டு நடக்கும்போது வரிசைக்குள் நுழையாதீர்கள், முடிந்ததும் போங்கள். உடை எளிமையாக இருந்தால் போதும், பட்டு கட்டாயமில்லை. குளிர்சாதனம் எலும்பைத் தொடும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி அலறினால் அந்த முன்வரிசைப் பெரியவர் கண்ணைத் திறப்பார், அது நல்லதல்ல.

சபா கேண்டீன் தனிக் கதை. கச்சேரிச் சீட்டு இல்லாமலும் பெரும்பாலான இடங்களில் சாப்பிடலாம். மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் டிபன், ஒவ்வொரு நாளும் பட்டியல் மாறும். அடை அவியலும் காசி அல்வாவும் இருக்கிற நாளில் இசையை ஒரு மணி நேரம் ஒத்திவைப்பதில் தவறில்லை. மாலை ஐந்து மணிக்கே போய்விடுங்கள், ஆறு மணிக்கு இடம் கிடைக்காது.

தமிழ்ப் பாட்டைத் தேடி வருகிறவர்கள் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போகலாம். மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் இல்லை என்ற குறையிலிருந்து 1943-இல் பிறந்த தமிழ் இசைச் சங்கம் டிசம்பரில் அங்கே விழா நடத்துகிறது. தேவாரப் பண்களைப் பற்றிய ஆய்வும் அதன் வேலைகளில் ஒன்று.

சீட்டும் வேண்டாம், மேடையும் வேண்டாம் என்றால் ஒரு நாள் விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் போங்கள். மார்கழி பஜனை கோஷ்டி கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிப் பாடிக்கொண்டு வரும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் நடத்திய வழக்கம் அது. வாசல் கோலங்களை மிதித்துவிடாமல் நடங்கள்.

தெற்கே போகும் நாள்

ஒரு முழு நாளைத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒதுக்குங்கள். வார நாளாக இருக்கட்டும், ஆனால் செவ்வாய் வேண்டாம். முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்கு அன்று விடுமுறை.

காலையில் கலாக்ஷேத்ரா. 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கியது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே நடந்து, குடில்களில் நடக்கும் வகுப்புகளை வெளியிலிருந்து பார்க்கலாம். தாளம் தட்டும் தட்டுக்கழியின் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். வகுப்பைத் தொந்தரவு செய்யக் கூடாது, படம் எடுக்க விதிகள் உண்டு, வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தறிக் கூடத்தையும் கலம்காரிப் பிரிவையும் விட்டுவிடாதீர்கள்.

அங்கிருந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து உருவாக்கியது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் என்பதால் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். சென்னையின் நவீன ஓவியம் எப்படிப் போனது என்பதை இங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால் இந்தக் கோட்டில் கூட்டமில்லாமல் நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மதியம் தட்சிணசித்ரா. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். வளாகத்தின் தொடக்க வடிவமைப்பு கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது, திறந்தது 1996-இல். குழந்தைகள் இருந்தால் பானை வனையும் இடத்தைத் தாண்டி நகர மாட்டார்கள், நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தையும் இதே நாளில் திணிக்காதீர்கள். அதற்குத் தனி நாள் வேண்டும்.

நம் கோட்டிலிருந்து விலகி ஒரே ஒரு இடத்துக்குப் போவதானால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. நாட்டியம் பார்த்துவிட்டு அந்த நடராசர்களைப் பார்த்தால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

சுவர் ஓவியங்களுக்குப் பறக்கும் ரயிலின் இந்திரா நகர் நிலையத்தில் இறங்குங்கள். 2021-இல் வரைந்த பெரிய முகங்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களும் இல்லாதவர்களும் அதில் கலந்திருக்கிறார்கள், யார் எவர் என்று சொல்ல முடியாது. அதுதான் நோக்கம். கண்ணகி நகரிலும் குடியிருப்புச் சுவர்களை நிறைத்து ஓவியங்கள் உண்டு. ஊருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. சுவரைப் படம் எடுங்கள், வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

ஜனவரியில் இருந்தால்

ஜனவரியிலிருந்து சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரம் நடந்து கூடுகளைத் தேடுவார்கள். பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். வெறுங்காலோடு மணலில் பல மைல், கைவிளக்கு அடிக்கக் கூடாது, ஆமை தென்படும் என்ற உறுதி கிடையாது. இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் போங்கள்.

பொங்கல் வாரத்தில் சென்னைக்காரர்களில் பெரும்பகுதி சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். சாலைகள் காலி. அரசு நடத்தும் சென்னை சங்கமம் விழாவில் பூங்காக்களிலும் திடல்களிலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆடுவார்கள், கட்டணம் இல்லை. எல்லாரும் வெளியே போகும்போது நீங்கள் உள்ளே வருவதால் வரும் ரயிலில் இடம் எளிதில் கிடைக்கும். திரும்பும்போதுதான் சிக்கல், விடுமுறை முடிந்து வருகிறவர்களின் நெரிசலில் மாட்டாதபடி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது.

காணும் பொங்கலன்று மட்டும் மெரினா பக்கம் போகாதீர்கள். ஊரே குடும்பத்தோடு அங்கே இறங்கும், போலீஸ் தண்ணீர்ப் பக்கம் தடுப்பு கட்டியிருக்கும், தொலைந்த குழந்தைகளின் பெயர்களை ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தையே பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால், பிள்ளைகள் கையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிவிட்டு, பறக்கும் ரயிலில் போய்த் திருவல்லிக்கேணியில் இறங்கி நடங்கள். வண்டி நிறுத்த இடம் தேடவே வேண்டாம்.